மாயன் காலண்டர்ல உங்க பிறந்தநாளை நீங்களே கணக்கு போடுறது எப்படி? (உலகம் ஏன் அழியலைங்கறதும் இதுலயே தெரிஞ்சுடும்)

2020 ஜூன், லாக்டவுன் டைம். அக்கா பொண்ணு ராத்திரி போன் பண்ணி "மாமா, 21ஆம் தேதி உலகம் அழிஞ்சிடுமாம், மாயன் காலண்டரை வச்சு 2012ன்னு சொன்னது கணக்குத் தப்பாம், நிஜ தேதி இதுதானாம்"னு அழறா. அன்னைக்கு சூரிய கிரகணம் வேற. அதெல்லாம் புரளிம்மா தூங்குன்னு சொன்னேன், அரை மணி நேரத்துல திரும்பவும் போன். சரி, நோட்டை எடு, ரெண்டு பேரும் கணக்கு போட்டே பாத்துடுவோம்னு வீடியோ கால்ல உக்காந்தோம். அன்னைக்குப் போட்ட கணக்குதான் இது.

தேவையானது ஒரு நோட்டு, போன்ல இருக்கற சாதா கால்குலேட்டர், கூகுள் ஷீட் (லிப்ரே ஆபிஸும் ஓகே). நெட்ல ரெடிமேட் கன்வெர்ட்டர் நிறைய கிடக்கு, முதல் தடவை தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க, கையால போட்டாத்தான் இந்தக் கணக்கு எப்படி ஓடுதுன்னு மனசுல நிக்கும்.

ஸ்டெப் 1: தேதியை நாள் கணக்கா மாத்துங்க

உதாரணத்துக்கு 2000 ஜனவரி 1. ஷீட்ல தேதியை டைப் பண்ணி, ஃபார்மட்டை நம்பர்னு மாத்தினா 36526ன்னு வரும். அதோட 18,30,736 கூட்டுங்க. 18,67,262. அவ்ளோதான்.

மாயா மக்களோட நெடுங்கணக்கு (ஒரே ஆரம்ப நாள்ல இருந்து நாளை எண்ணிட்டே போற கணக்கு) ஆரம்பிக்கறது நம்ம இப்பத்திய காலண்டர்படி கி.மு. 3114 ஆகஸ்ட் 11. அங்கருந்து, ஷீட் எண்ண ஆரம்பிக்கற 1899 டிசம்பர் 30 வரைக்கும் உள்ள நாள்தான் அந்த 18,30,736. குட்மேன், மார்டினெஸ், தாம்சன்னு மூணு பேரோட ஆராய்ச்சியால வந்த பொருத்தம் இது, அதாவது மாயா தேதி நம்ம தேதில எதுன்னு சொல்ற இணைப்பு.

(அப்டேட்: ஒருத்தர் கமெண்ட்ல தனக்கு 36526க்குப் பதிலா 35064 வருதுன்னு சொன்னார். பழைய மேக்ல செஞ்ச எக்செல் ஃபைல் 1904ல இருந்து எண்ணும், 1462 சேர்த்துக்கோங்க, சரியாயிடும்.)

ஸ்டெப் 2: அஞ்சு இடமா பிரிங்க

நான் ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டது இங்கதான், அதனால மெதுவா படிங்க. மாயா கணக்கு 20, 20ஆ ஏறும்னு எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும். அதை நம்பி நான் 20, 400, 8000, 1,60,000ன்னு வகுத்துட்டே போனேன், 11.13.8.3.2ன்னு வந்துச்சு. தப்பு. ஆனா கடைசி இலக்கம் 2 மட்டும் சரியான விடையோட பொருந்திச்சு, அதனால தப்பு எங்கன்னே புடிபடல.

விஷயம் என்னன்னா, ஒரே ஒரு இடத்துல மட்டும் 20 கிடையாது, 18. 20 நாள் (கின்) சேந்தா ஒரு உயினால். 18 உயினால் சேந்தா ஒரு டுன், அதாவது 360 நாள், ஒரு வருஷத்துக்குப் பக்கத்துல வரணும்னுதான் அங்க 18. அப்புறம் மறுபடி 20: காடுன் 7,200 நாள், பாக்டுன் 1,44,000 நாள்.

இப்ப பெருசுல இருந்து சின்னதுக்கு வாங்க. 18,67,262ஐ 1,44,000ஆல வகுத்தா 12.967னு வரும். புள்ளிக்கு அப்புறம் உள்ளதை விட்டுடுங்க, 12 மட்டும் எழுதிட்டு 12 x 1,44,000 = 17,28,000ஐக் கழிங்க. மிச்சம் 1,39,262. இதை 7,200ஆல வகுத்தா 19, மிச்சம் 2,462. 360ஆல 6, மிச்சம் 302. 20ஆல 15, மிச்சம் 2.

12.19.6.15.2. இதுதான் 2000 ஜனவரி 1.

உயினால் இடத்துல 17க்கு மேல வந்தா எங்கயோ தப்புன்னு அர்த்தம், உடனே நிறுத்திட்டு திரும்ப போடுங்க.

ஸ்டெப் 3: நாளோட பேர்

நெடுங்கணக்கு தவிர மாயா மக்கள்கிட்ட 260 நாள் சுத்து ஒண்ணும் உண்டு, அதுல ஒவ்வொரு நாளுக்கும் ஒரு எண், ஒரு பேர். மொத்த நாளை 13ஆல வகுத்து மிச்சத்தோட 4 கூட்டுங்க, 13ஐத் தாண்டினா 13ஐக் கழிச்சுடுங்க. நம்ம உதாரணத்துல மிச்சம் 7, ஆக 11. பேருக்கு, நெடுங்கணக்கோட கடைசி இலக்கத்தைப் பாத்தா போதும்: 0 அஹாவ், 1 இமிஷ், 2 இக், 3 அக்பால், 4 கான், 5 சிக்சான், 6 சிமி, 7 மானிக், 8 லாமட், 9 முலுக், 10 ஓக், 11 சுயென், 12 எப், 13 பென், 14 இஷ், 15 மென், 16 கிப், 17 கபான், 18 எட்ஸ்நாப், 19 கவாக். ஆக 11 இக். இக்னா காற்று.

மாயா இனமே அழிஞ்சுபோச்சுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது ரொம்ப தப்பு. குவாத்தமாலா, மெக்சிகோல லட்சக்கணக்குல வாழறாங்க. குவாத்தமாலாவோட மோமோஸ்தெனாங்கோ மாதிரி ஊர்கள்ல கிச்சே மொழி பேசற நாள் கணிக்கறவங்க இந்த 260 நாளை இன்னைக்கும் எண்ணிட்டு இருக்காங்க, மேல சொன்ன பொருத்தமும் அவங்க எண்ணற நாளும் ஒண்ணுபோல இருக்கு.

(அப்டேட்: "ஆப்ல எனக்கு வேற நாள் காட்டுது"ன்னு மூணு பேர் கேட்டிருந்தீங்க. பல ஆப்ல இருக்கறது ஹோசே ஆர்குயேயெஸ்னு ஒரு அமெரிக்கர் 1990கள்ல பரப்பின ட்ரீம்ஸ்பெல். அதுல பிப்ரவரி 29ஐ எண்ணாம விட்டுடுவாங்க. மாயா மக்கள் ஒரு நாளைக்கூட விடமாட்டாங்க. அந்த ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிடுங்கன்னுதான் சொல்வேன்.)

ஸ்டெப் 4: இப்ப உலகம் அழியற தேதியைப் போடுங்க

2012 டிசம்பர் 21, ஷீட்ல 41264. கூட்டினா 18,72,000. 1,44,000ஆல வகுத்தா மிச்சமே இல்லாம 13, அதாவது 13.0.0.0.0. பைக் மீட்டர்ல 99999 முடிஞ்சு சைபரெல்லாம் வரிசையா வந்து நிக்குமே, அப்படி ஒரு நாள். மறுநாள் 13.0.0.0.1.

அப்புறம் அக்கா பொண்ணையே 2020 ஜூன் 21ஐ போடச் சொன்னேன். 44003, கூட்டினா 18,74,739. அவளே வகுத்து 13.0.7.10.19ன்னு சொன்னா. சைபர் வரிசையும் இல்ல ஒண்ணும் இல்ல, ஒரு சாதாரண நாள். போன்ல மூச்சு விடற சத்தமே மாறிடுச்சு.

அந்த 2020 புரளியோட கணக்கு இது: 1752ல இங்கிலாந்து காலண்டர் மாத்தினப்ப 11 நாள் போச்சாம், அது வருஷா வருஷம் போயிட்டே இருக்காம், 268 வருஷத்துக்கு 2948 நாள், அதாவது எட்டு வருஷம், ஆக 2012ங்கறது உண்மையில 2020. அந்த 11 நாள் தாண்டினது ஒரே ஒரு தடவைதான். அதுவும் தேதியோட பேர் மட்டும்தான் தாண்டிச்சு, செப்டம்பர் 2 புதன்கிழமை, அடுத்த நாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. புதனுக்கு அடுத்து வியாழன்தானே வந்துச்சு, நாள் எங்க தொலைஞ்சுது? நாம நாளை எண்ணித்தான் கணக்கு போட்டோம், அதனால இந்த மாத்தம் நம்ம விடையைத் தொடவே தொடாது.

2012 தேதி பொறிச்ச கல்லு மெக்சிகோவோட டபாஸ்கோ மாநிலத்துல டோர்டுகேரோங்கற இடத்துல கிடைச்சுது. 7ஆம் நூற்றாண்டு. போலோன் யோக்தேங்கற தெய்வம் அன்னைக்கு இறங்கி வரும்ங்கற மாதிரி இருக்கு, கல்லு அந்த இடத்துலயே சிதைஞ்சும் இருக்கு. உலகம் அழியும்னு அதுல ஒரு வரி கிடையாது.

ஸ்டெப் 5: பகால் ராஜாவோட கணக்கு

இதைக் கண்டிப்பா போட்டுப் பாருங்க. மெக்சிகோவோட சியாபாஸ்ல பாலென்கேன்னு ஒரு ஊர், அங்க கல்வெட்டுக் கோவில். பகால்ங்கற பையன் 12 வயசுல ராஜாவானது 9.9.2.4.8, நமக்கு கி.பி. 615. ஒவ்வொரு இடத்தையும் அதோட நாளால பெருக்கி கூட்டுங்க, 13,61,608 வரணும். 260 நாள் சுத்தோட நாள் பேரும், மாயா மக்களோட 365 நாள் வருஷத்து மாசத் தேதியும் பழையபடி ஒண்ணா வந்து சேர 18,980 நாள் ஆகும், ஏறக்குறைய 52 வருஷம். அந்த மாதிரி 80 சுத்து கழிச்சு வர்ற பட்டமேற்பு நாளைத்தான் அந்தக் கோவில் சுவர்ல பொறிச்சிருக்காங்க. 18,980 x 80 = 15,18,400. கூட்டினா 28,80,008.

இதுல இருந்து 18,30,736ஐக் கழிச்சா 10,49,272. இந்த நம்பரை ஷீட்ல போட்டு ஃபார்மட்டை தேதின்னு மாத்துங்க. 4772 அக்டோபர் 21.