கோணலாக வெட்டிய சப்வூஃபர் பாக்ஸ் ஓட்டையைச் சரிசெய்வது எப்படி?

பலகையை அறுத்து, பாக்ஸை ஒட்டி, ஜிக்சா அறுப்பு மெஷினால் வட்டமும் வெட்டியாயிற்று. ஆசையோடு சப்வூஃபரை, அதாவது அடி பேஸ் தரும் ஸ்பீக்கரை, உள்ளே இறக்கினால் ஒரு பக்கம் சுண்டுவிரல் நுழைகிறது, மறுபக்கம் ஸ்பீக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. என் முதல் 12 இன்ச் பாக்ஸில் இதுதான் நடந்தது. கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் எங்கள் வீட்டு முற்றத்தில், மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆசாரி மாமா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மக்களே, வெட்டுன இடத்த ஒட்டிக் கூட்டாண்டாம். மேல ஒரு வளையத்தப் போடு."

அவர் சொன்னதுதான் சரியான வழி. பாக்ஸைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் ஸ்பீக்கரைக் கழற்றி வேறு அறையில், துணி மூடி வையுங்கள். அதன் காந்தம் இரும்புத் துகளை இழுக்கும். ஒரு துகள் உள்ளே கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) இருக்கும் இடுக்கில் போய்விட்டால் கரகரவென்று சத்தம் வரும், அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

எவ்வளவு தப்பு என்று அளப்போம்

ஸ்பீக்கரோடு வந்த தாளில் வெட்டு விட்டம் போட்டிருக்கும். 12 இன்ச் என்பதால் 12 இன்ச்சுக்கு வெட்டக் கூடாது. அந்தப் பெயர் ஸ்பீக்கரின் மொத்த அளவை ஏறத்தாழச் சொல்வது, ஓட்டை அதைவிடச் சிறியது. மாடலுக்கு மாடல் மாறும். தாள் தொலைந்துவிட்டால், விளிம்புக்குக் கீழே இருக்கும் கூட்டின் விட்டத்தை அளந்து 2 முதல் 3 மில்லிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கு. ஸ்பீக்கரின் வெளிவிட்டம் 310 மி.மீ., வெட்டு விட்டம் 280 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு ஒவ்வொரு பக்கமும் 15 மி.மீ. அகலம்தான். ஸ்க்ரூ ஓட்டை அதன் நடுவில், அதாவது சரியாக வெட்டிய விளிம்பிலிருந்து 7.5 மி.மீ. தள்ளி வரும். நீங்கள் ஓரிடத்தில் 8 மி.மீ. அதிகமாக வெட்டியிருந்தால், மேலிருந்து பார்க்கும்போது ஸ்பீக்கர் ஓட்டையை மூடியதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்த இடத்து ஸ்க்ரூவுக்குக் கீழே மரமே இல்லை. என் பாக்ஸில் இரண்டு ஸ்க்ரூ அப்படித்தான் வெறுங்காற்றில் சுற்றின.

இந்த அளவு கறார் தேவையா என்று தோன்றலாம். ஸ்பீக்கர் கோன் (அசைந்து காற்றைத் தள்ளும் கூம்பு) முன்னால் தள்ளும்போது பின்பக்கம் காற்று இழுபடுகிறது. முன் அலையும் பின் அலையும் ஒன்றுக்கொன்று நேரெதிர். இடுக்கு வழியாக இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் போவது அடி பேஸ்தான். பாக்ஸுக்குள் அடைபட்ட காற்றுதான் கோனுக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அது கசிந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும், கூடவே உஸ்ஸென்று ஒரு சத்தமும் வரும்.

சின்னத் தப்பு என்றால்

ஓட்டை சிறிதாகிவிட்டதா? சந்தோஷப்படுங்கள், இதுதான் எளிது. சரியான வட்டத்தை மறுபடி வரைந்து, கோடு வரை மர அரத்தால் ராவி, உப்புத்தாள் தேய்த்தால் முடிந்தது.

விளிம்பில் அங்கங்கே 2, 3 மி.மீ. பள்ளம் மட்டும், ஸ்க்ரூ விழும் இடமெல்லாம் கெட்டி என்றால் எம்-சீல் பிசைந்து அடைத்து ஓர் இரவு விட்டு ராவிவிடலாம். மரத்தூளும் ஃபெவிகாலும் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதைக் கீறலுக்கு மட்டும் வையுங்கள்.

ஸ்க்ரூ ஓட்டை மட்டும் தேய்ந்துபோயிருந்தால், மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகாலில் தோய்த்து உள்ளே அடித்து, மறுநாள் மேலே நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டுப் புதிதாக டிரில் செய்யுங்கள்.

இதைவிடப் பெரிய தப்பு என்றால் வளையம்தான்.

வளையம் போடுவது

18 மி.மீ. பிளைவுட் எடுங்கள். முன்பலகை எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆக இருந்தாலும் வளையத்துக்கு பிளைவுட்டே நல்லது, ஸ்க்ரூவை நன்றாகப் பிடிக்கும். வளையத்தின் உள்விட்டம் ஸ்பீக்கரின் சரியான வெட்டு விட்டம். வெளிவிட்டம், பழைய ஓட்டையின் மிக மோசமான இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 30 மி.மீ. ஆவது பலகையில் உட்காரும்படி இருக்க வேண்டும். நம் கணக்குக்கு 280 உள்ளே, 360 வெளியே. பாக்ஸின் முகம் அவ்வளவு அகலம் இல்லையா? வட்டத்தை விட்டுவிட்டு, முகம் முழுவதையும் மூடும் சதுரப் பலகையாகவே போடுங்கள். பார்க்கவும் அதுதான் அழகு. வெளியே ஒட்டுவதால் பாக்ஸின் உள் கொள்ளளவு குறையாது, முன்பு போட்ட கணக்கு கெடாது.

வட்டம் வரைய நூல் கட்டாதீர்கள். நூல் இழுபடும், பென்சில் சாயும், முதல் தப்பே அங்குதான் தொடங்குகிறது. ஒரு மெல்லிய மரச்சட்டத் துண்டில் ஒரு முனையில் ஆணி, அதிலிருந்து 140 மி.மீ. தள்ளி பென்சில் நுழையும் ஓட்டை, 180 மி.மீ. தள்ளி இன்னொன்று. ஆணியை மையத்தில் ஊன்றிச் சுற்றினால் இரண்டு வட்டமும் ஒரே மையத்தில் பிசிறில்லாமல் வரும்.

உள்வட்டத்துக்குள் கோட்டை ஒட்டி 10 மி.மீ. ஓட்டை போட்டு ஜிக்சாவை நுழையுங்கள். முதலில் உள்வட்டம், அப்புறம் வெளிவட்டம். பலகை முழுசாக இருக்கும்போதுதான் அதைக் கிளாம்ப் போட்டு அசையாமல் பிடிக்க முடியும். கோட்டின் மேலேயே வெட்டாமல், உள்வட்டத்தில் 2 மி.மீ. உள்ளேயும் வெளிவட்டத்தில் 2 மி.மீ. வெளியேயும் தள்ளி வெட்டி, மீதியை அரத்தால் எடுங்கள். மெஷினைத் தள்ளக் கூடாது, அது போகிற வேகத்துக்கு நாம் போக வேண்டும். தள்ளினால் பிளேடு வளையும், மேலே வட்டமாகவும் அடியில் கோணலாகவும் வரும். பலர் கை நடுங்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள், உண்மையில் அவசரத்தில் வளைந்த பிளேடுதான் காரணம். கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். எம்.டி.எஃப் தூள் நெஞ்சுக்கு நல்லதல்ல.

இனி ஒட்டுவது. பாக்ஸின் மேல் பெயின்ட், ரெக்சின், கார்பெட் எதுவாக இருந்தாலும் வளையம் உட்காரும் இடத்தில் மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். வளையத்தை வைத்துப் பார்த்து, பழைய ஓட்டையின் விளிம்பு எங்காவது வளையத்துக்கு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அதையும் ராவி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஸ்பீக்கர் கூடு முட்டும். ஃபெவிகாலை இரண்டு பக்கமும் பூசி, அமுக்கி, 32 மி.மீ. ஸ்க்ரூவால் எட்டு இடத்தில் இறுக்குங்கள். இரண்டு பலகையும் சேர்ந்து 36 மி.மீ. என்றால் முனை உள்ளே எட்டிப் பார்க்காது. ஸ்பீக்கர் ஸ்க்ரூ வரும் இடங்களைத் தவிர்த்துப் போடுங்கள். உள்பக்கம் கையை விட்டு, வளையமும் பழைய பலகையும் சேரும் இடத்தில் விரலால் ஃபெவிகாலை ஒரு சுற்று தடவிவிடுங்கள்.

24 மணி நேரம் தொடாதீர்கள். ஜூன் மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊர்க் காற்றே ஈரமாக இருக்கும். அந்த நாட்களில் இரண்டு நாளாகவே விடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவ மழையும் வாங்கும் மாவட்டம் என்பதால் இன்னொன்றும் செய்ய வேண்டும். வெட்டிய விளிம்புகளில் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கோட் அடித்து, காய்ந்தபின் பிரைமரும் அடியுங்கள். குறிப்பாக எம்.டி.எஃப் வெட்டுவிளிம்பு ஈரத்தை உறிஞ்சி, நனைந்த பிஸ்கட் மாதிரி உப்பிவிடும்.

ஸ்பீக்கரை ஏற்றுதல்

உள்ளே கிடக்கும் மரத்தூளை முழுவதும் துடைத்து எடுங்கள். ஸ்பீக்கரை இறக்கி, ஸ்க்ரூ இடங்களைப் பென்சிலால் குறித்து, மறுபடி வெளியே எடுத்தபிறகே 3 மி.மீ. பிட்டால் டிரில் செய்யுங்கள். வளையத்தின் மேல் ஸ்பீக்கர் உட்காரும் இடத்தைச் சுற்றி 3 மி.மீ. தடிமன் ஃபோம் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். சிலிக்கோன் வைத்து ஒட்டிவிட்டால் பிறகு ஒருநாள் ஸ்பீக்கரைக் கழற்றும்போது பலகையும் சேர்ந்து பிய்ந்து வரும்.

ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்குங்கள். குளச்சல், முட்டம் போலக் கடலோரத்தில் வீடு என்றால் இதில் காசு பார்க்காதீர்கள், உப்புக் காற்றில் சாதா ஸ்க்ரூ சீக்கிரமே துருப்பிடித்துத் தலை கழன்று போகும். கையால் திருகும் ஸ்க்ரூ டிரைவர் போதும். டிரில் மெஷின் ஒரு தடவை வழுக்கினால் நேராகக் கோனைக் கிழித்துவிடும். ஒன்றை இறுக்கினால் அடுத்து அதற்கு நேரெதிரே உள்ளதை இறுக்குங்கள், கார் டயர் மாட்டுவதைப் போல.

இனி சோதனை. சீல்டு பாக்ஸ் (காற்று வெளியேற வழியில்லாமல் மூடியது) என்றால் இரண்டு கைகளையும் கோனின் நடுப்பகுதியில் பரப்பி வைத்து மெல்ல உள்ளே அமுக்கி, சில நொடி பிடித்திருந்து விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் காற்று நிற்கிறது. விருட்டென்று வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. இடத்தைக் கண்டுபிடிக்க, குறைந்த சத்தத்தில் 30 ஹெர்ட்ஸ் டோன் (மிகத் தாழ்ந்த ஒரே சீரான ஒலி) ஓடவிட்டு, ஃபேனை அணைத்து, ஊதுபத்தியை விளிம்போரம் மெல்லச் சுற்றிக் கொண்டுவாருங்கள். நேராக எழும் புகை கசியும் இடத்தில் துடிக்கும். போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பாக்ஸுக்கும் இந்தப் புகைச் சோதனை உதவும், போர்ட் வாயில் மட்டும் துடிக்கத்தான் செய்யும்.

ஒரு வாரம் பாட்டு ஓடியபின் எல்லா ஸ்க்ரூவையும் இன்னொரு தடவை பாருங்கள். ஃபோம் அமுங்கியிருக்கும், ஒவ்வொன்றும் கால் சுற்று வாங்கும்.