கழுத்து வலி: காலரில் தொடங்கும் தவறுகள்

கழுத்து வலிக்கிறது என்று அலுவலகத்தில் ஒருமுறை வாய் திறந்து சொல்லிப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் நாலைந்து வைத்தியம் வந்து சேரும். தலையணையைத் தூக்கி எறி என்பார் ஒருவர். கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் காலர் பட்டை வாங்கிப் போடு என்பார் இன்னொருவர். எங்கள் ஊரில் சுளுக்கு எடுக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், ஒரே திருப்புதான், வலி போன இடம் தெரியாது என்பார் மூன்றாமவர்.

அந்த மூன்றாவதைத் தவிர எல்லாவற்றையும் செய்து பார்த்தவன் நான். மருந்துக் கடையில் கேட்டு ஒரு காலர் வாங்கி ஆறு வாரம் போட்டுக்கொண்டு திரிந்தேன். போட்டிருக்கும் வரை சுகம்தான். கழற்றிய மறுநாள் பஸ்ஸில் உட்காரவே முடியவில்லை, தலை தானாகச் சாய்ந்தது. ஒரு மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. ஏழே ஏழு கழுத்தெலும்புகளின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்த எடையை நாள் முழுக்கப் பிடித்து நிறுத்துவது எலும்பு அல்ல, சுற்றியிருக்கும் தசைகள். அந்த வேலையைக் காலர் எடுத்துக்கொண்டால் தசை சும்மா இருந்து சோம்பிப் போகும். அதுதான் எனக்கு நடந்தது.

காலரே கூடாது என்று சொல்ல வரவில்லை. நரம்பு புதிதாக அழுந்தி, கைக்கு வலி சுண்டி இழுக்கும்போது சில வாரங்களுக்கு மருத்துவர் காலர் கொடுப்பதுண்டு. அதையும் படிப்படியாகக் குறைத்துக் கழற்றச் சொல்வார்கள். விபத்தில் அடிபட்ட கழுத்துக்குப் போடுவது முற்றிலும் வேறு கணக்கு. அதை நாமாகக் கழற்றவே கூடாது. சாதாரணப் பிடிப்புக்கு நாமாக வாங்கி மாதக்கணக்கில் மாட்டிக்கொள்வதைத்தான் தவறு என்கிறேன்.

அடுத்தது எக்ஸ்ரே. "எலும்பு தேய்ஞ்சிருக்கு" என்ற இரண்டு வார்த்தை போதும், அன்றிலிருந்து ஆள் கழுத்தைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஜப்பானில் வலியே இல்லாத 1,211 பேருக்குக் கழுத்தில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளிவந்த ஆய்வு அது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது எலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல இருக்கும் வட்டு, பிதுங்கியிருந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே பெரும்பாலோருக்கு அப்படித்தான். தலை நரைப்பதுபோலத்தான் டிஸ்க் தேய்வதும். படத்தில் தெரிவதும் உங்களுக்கு வலிக்கும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். ரிப்போர்ட்டை நாமே படித்துப் பயந்து, அசைவைக் குறைத்துக்கொண்டால் வலி கூடத்தான் செய்யும்.

சரி, சலூனுக்கு வருவோம். முடி வெட்டி முடித்ததும் தலையில் நாலு தட்டு தட்டி, தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. 'டக்' என்று சத்தம் வந்தால்தான் காசு கொடுத்ததற்குத் திருப்தி நமக்கு. கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் சிறு துளைகள் இருக்கின்றன. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் அந்தத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. எதிர்பாராத வேகத்தில் கழுத்தைத் திருகினால் தமனியின் உள்சுவர் கிழியலாம். அங்கே உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியலாம். அபூர்வம்தான், ஆனால் வாலிபர்களுக்கும் நடந்திருக்கிறது. சத்தம் வந்ததால் எதுவும் 'இடத்தில் உட்கார்ந்து'விடுவதில்லை; மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயு குமிழியாகும் சத்தம்தான் அது. அடுத்த முறை முடி வெட்டும்போது "கழுத்து வேண்டாம் அண்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி உடற்பயிற்சி. இதில்தான் தவறுகள் அதிகம், ஏனென்றால் செய்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்துச் செய்கிறார்கள். பள்ளிக்கூட டிரில் வகுப்பில் கழுத்தை முழு வட்டமாகச் சுற்றச் சொன்னது பலருக்கும் நினைவிருக்கும். வலிக்கும் கழுத்தை வேகமாக அப்படிச் சுற்றினால், பின்னால் சாயும்போது மூட்டுகள் நெருக்குண்டு வலி அதிகமாகும், சிலருக்குத் தலையும் சுற்றும். வட்டத்தைத் துண்டு துண்டாக்கிக்கொள்வது நல்லது. மெல்ல வலது தோளைப் பார், நேரே வா, இடது தோளைப் பார். காதைத் தோளை நோக்கிச் சாய். தோளைக் காதுக்குத் தூக்காதே. வலி தொடங்கும் இடம் வரை போய்த் திரும்பினால் போதும். கையால் தலையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் இழுப்பது முதல் வாரத்தில் வேண்டாம்.

பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரும் சொல்லித்தரும் ஒன்று, தாடையைப் பின்னால் இழுப்பது. நூற்றில் பாதிப் பேர் செய்யும்போது தாடையை மார்பை நோக்கிக் குனிக்கிறார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அலுத்துக்கொண்டார். குனிவதல்ல. நிமிர்ந்து உட்கார்ந்து, பார்வை நேராக இருக்க, மேஜை டிராயரை உள்ளே தள்ளுவதுபோலத் தாடையை மட்டமாகப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் இரட்டைத் தாடை தெரியும். அழகாக இருக்காது, ஆனால் அதுதான் சரி. ஐந்து விநாடி, பத்து முறை.

அப்புறம் நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் தள்ளுவது. தலை அசையக் கூடாது, கை விடக் கூடாது. பின்மண்டை, இரு பக்கக் கன்னப் பொட்டு என்று நாலு திசையிலும் இதையே செய்யலாம். முழு பலத்தையும் போடுவது ஒரு தவறு, மூச்சைப் பிடித்துக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு, முக்கியமாக ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு. கால்வாசி பலம் போதும்; வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது.

இதையெல்லாம் செய்தும் தோளை மறந்துவிடுகிறோம். பின்மண்டையில் தொடங்கித் தோள்பட்டை வரை விரிந்திருக்கும் ட்ரபீசியஸ் தசைக்குக் கழுத்து வேறு, தோள் வேறு என்ற பேதம் கிடையாது. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலியோடு அலுவலகத்தில் வேலை பார்த்த 180 பெண்களை ஓராண்டு கவனித்தார்கள். 2003-இல் வெளியான ஆய்வு. கழுத்துக்கும் தோளுக்கும் எலாஸ்டிக் பட்டை, டம்பெல் கொண்டு வலுவூட்டிய குழுக்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. நீட்டல் பயிற்சியும் நடை, ஓட்டம் போன்றவையும் மட்டும் செய்தவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. நம்மில் பெரும்பாலோர் நீட்டலோடு நிறுத்திக்கொள்கிறோம். அதுவும் வலி போன மறுநாளே.

செய்யும்போது லேசாக இழுத்துப் பிடிப்பது சகஜம், மறுநாளுக்குள் அடங்கிவிடும். வலி கைப்பக்கம் இறங்கினாலோ விரல் மரத்தாலோ அன்றைக்கு நிறுத்துங்கள். சிரசாசனமும் சர்வாங்காசனமும் கழுத்து முழுசாகத் தேறும் வரை கிடையாது, எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும்.

பிசியோதெரபிக்குப் போய்ப் பத்து நாள் 'கரண்ட் வைத்துக்கொண்டு' வருவதும், ஒத்தடமும் தைலமும் இதமானவை, தவறில்லை. அதோடு முடித்துக்கொள்வதுதான் தவறு. அவை வலியைத் தணித்துத் தருவதே நாம் பயிற்சி செய்யத்தான். சர்க்கரை நோயால் தோல் மரத்தவர்கள் வெந்நீர்ப் பையின் சூட்டைக் கையால் சோதிக்காமல் வேறொருவரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாரக்கணக்கில் விழுங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக்கொதிப்பு இருந்தால் இன்னும் ஆபத்து.

தலையணையைத் தூக்கி எறிந்தவனும் நான்தான். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளின் அகலத்துக்கு அடியில் ஒரு பள்ளம் விழுகிறது. அதை நிரப்பத்தான் தலையணை. மல்லாந்து படுப்பவருக்கு மெல்லியது போதும். குப்புறப் படுத்தால் இரவு முழுக்கக் கழுத்து ஒரே பக்கம் திரும்பியிருக்கும். போனைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஆனால் குனிவதைவிட ஒரே நிலையில் ஒரு மணி நேரம் உறைந்திருப்பதே வில்லங்கம். பைக் ஓட்டிக்கொண்டே போனை ஹெல்மெட்டுக்குள் செருகிப் பேசுகிறவருக்குக் கழுத்து வலி வந்தால் அது மலிவான தண்டனை. நாற்பது தாண்டியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு: மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமாக இரண்டு பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடி. கீழ்ப்பகுதி வழியாகக் கம்ப்யூட்டரைப் பார்க்கத் தாடையை நாள் முழுக்கத் தூக்கி வைத்திருப்போம். திரையைக் கொஞ்சம் இறக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, வலி தாடைக்கும் இடது கைக்கும் பரவி வியர்த்தாலோ, திடீரென்று இதுவரை இல்லாத தலைவலி வந்தாலோ, கீழே விழுந்தபின் வலித்தாலோ பயிற்சியெல்லாம் பிறகு, உடனே மருத்துவமனை. மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் வலி என்றால் முதுகெலும்புக் காசநோயையும் பார்த்துவிட வேண்டும்.

வீட்டில் பெரியவர்களிடம் நழுவிப்போகும் ஒன்று இருக்கிறது. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சில்லறை கையில் நிற்கவில்லை, நடை தள்ளாடுகிறது என்பார்கள். "வயசாயிடுச்சு" என்று நாமும் விட்டுவிடுவோம். கழுத்தில் தண்டுவடமே அழுந்தியிருக்கலாம், அப்போது கழுத்து பெரிதாக வலிக்காமலும் இருக்கும். கையை இறுக்கி மூடித் திறக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள்: பத்து விநாடிக்கு 20 முறை வர வேண்டும். கை தடுமாறிக் குறைந்தால், அப்பாவைப் பிசியோதெரபிக்கு அனுப்புவதற்கு முன் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அந்த வாரத்திலேயே.