டை கட்டிக்கொண்டு மாடி ஏறாதீர்கள்: ஜூனியர் வக்கீல்களுக்கு

போன மாதம் எங்கள் ஊர் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் ஒரு ஜூனியர் பையன், கையில் கேஸ் கட்டோடு இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தான். கழுத்தில் கருப்பு டை. மாடியில் இருப்பது மாவட்ட நீதிமன்றம். "தம்பி, நில்லு" என்று கத்தி, என் பையிலிருந்த வெள்ளைக் கழுத்துப் பட்டையை, அதாவது பேண்டை, எடுத்து நீட்டினேன். "பரவாயில்லண்ணே, வாய்தா மட்டும்தான்" என்றான். இருபது வருடத்துக்கு முன்னால் இதே படியில் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு ஏறினேன். அதனால் விடவில்லை, கையில் திணித்துத்தான் அனுப்பினேன்.

சட்டையை இஸ்திரி போடுங்கள், ஷூவைத் துடையுங்கள், ஜீன்ஸ் போடாதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. சட்டம் படித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு வந்தவருக்கு அது தெரியும். தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களைத்தான் சொல்கிறேன்.

டை எங்கே செல்லும், எங்கே செல்லாது

பேண்ட் என்றால் இங்கே கால்சட்டை இல்லை. கழுத்துக்குக் கீழே இரண்டு நாக்கு மாதிரித் தொங்குமே, அந்த வெள்ளைப் பட்டை. உடை பற்றி விதி வகுக்கும் அதிகாரத்தை 1961-ஆம் வருட வழக்கறிஞர் சட்டம் இந்திய பார் கவுன்சிலுக்குத் தந்திருக்கிறது. அந்த விதிப்படி கோட்டோடு பேண்டும் கட்டாயம். ஒரு சலுகை உண்டு: பேண்டுக்குப் பதில் கருப்பு டை கட்டிக்கொள்ளலாம். ஆனால் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம், அமர்வு நீதிமன்றம், மாநகர உரிமையியல் நீதிமன்றம் ஆகியவற்றில் அந்தச் சலுகை இல்லை. அதாவது முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும் டை செல்லும். ஒரு மாடி ஏறினால் செல்லாது.

தாலுகா ஊரில் தொழில் ஆரம்பித்தவனுக்கு இது உறைக்காது. எனக்கு உறைக்கவில்லை. முதல் இரண்டு வருடம் முன்சீப் கோர்ட்டே கதி என்று கிடந்தேன். டை போதுமானதாக இருந்தது. பேண்ட் வாங்கினேன், பதிவு நாளன்று போட்டோ எடுத்தேன், பீரோவில் வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு ஏப்ரல் மாதம். மாவட்ட நீதிமன்றத்தில் சீனியரின் அப்பீல் ஒன்று வாதத்துக்கு இருந்தது. ஒரு பெரியவரின் வீட்டை ஒட்டிய மாட்டுக்கொட்டகை இடம் சம்பந்தப்பட்ட வழக்கு. கீழ்க்கோர்ட்டில் இடத்தை ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பாகி, எதிர்த்தரப்பு நிறைவேற்று மனுவும் போட்டிருந்தது. அப்பீலில் வாங்கிய தடையாணை ஒன்றுதான் கொட்டகையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அன்று காலை சீனியருக்கு வேறு ஊரில் கேஸ். "ஒரு வாய்தா மட்டும் வாங்கிடு" என்று என்னை அனுப்பினார்.

கேஸ் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றேன். நீதிபதி கட்டைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்தார். "பேண்ட் எங்கே?" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. "போட்டுக்கொண்டு வாருங்கள், பாஸ் ஓவர்."

பாஸ் ஓவர் என்றால் அன்றைக்கே கொஞ்சம் கழித்து மறுபடி கூப்பிடுவது. நல்ல மனிதர், அவகாசம் கொடுத்தார். நான்தான் அதை வீணாக்கினேன். பார் ரூமுக்கு ஓடினேன். அங்கே பேப்பர் படித்துக்கொண்டிருந்த மூன்று பேரிடமும் டைதான். பேண்ட் வைத்திருந்த நண்பன் அமர்வு நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணையில் நின்றுகொண்டிருந்தான். அவன் கழுத்திலிருந்து கழற்றவா முடியும்? கடைசியில் ஒரு குமாஸ்தா அவருடைய வக்கீலின் பழைய பேண்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதன் பின்பக்க வெல்க்ரோ தேய்ந்து ஒட்டவே இல்லை. குண்டூசி குத்திக்கொண்டு மாடி ஏறினேன். இருபது நிமிடம் ஆகியிருக்கும். பட்டியல் சின்னது. இரண்டாவது முறை கூப்பிட்டு, டவாலியும் வெளியே மூன்று முறை குரல் கொடுத்து, மேல்முறையீட்டாளர் தரப்பில் யாரும் வரவில்லை என்று தள்ளுபடி செய்து, நீதிபதி சேம்பருக்குப் போய்விட்டார்.

வராண்டாவில் பெரியவர் நின்றிருந்தார். "என்ன ஆச்சு தம்பி?" பேண்ட் போடவில்லை என்று தள்ளுபடியாகிவிட்டது என்றேன். அவர் என் இடுப்புக்குக் கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "போட்டுத்தானே இருக்கீங்க?" என்றார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

வராததால் தள்ளுபடியான அப்பீலை மறுபடி கோப்புக்கு எடுக்க வழி இருக்கிறது. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 41-ஆவது கட்டளை, 19-ஆவது விதி. 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். ஒரே வாரத்தில் போட்டோம். பிரமாணப் பத்திரத்தை நானே டைப் அடிக்க வேண்டும் என்று சீனியர் சொல்லிவிட்டார். வராததற்குப் போதிய காரணம் காட்ட வேண்டுமே, என்ன எழுதுவது? "வழக்கறிஞர் கழுத்துப் பட்டை தேடிப் போயிருந்தபடியால்" என்றா? நாலு தாள் கசக்கிப் போட்ட பிறகு அதையேதான் எழுதினேன். மனு குறை சுட்டிக்காட்டப்பட்டு இரண்டு முறை ரிட்டர்ன் ஆனது. அப்பீல் போனதும் தடையாணையும் போய்விட்டதே, எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? மே மாத விடுமுறைக்கு முன்னாலேயே வாரண்ட் வாங்கி, அதை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு வந்துவிட்டார்கள். தகரக் கூரையைப் பிரித்துத் தெருவில் அடுக்கினார்கள். இரண்டு மாடும் ஒரு கன்றும் வேப்பமரத்தடியில்.

அப்பீல் பிறகு கோப்புக்கு வந்தது. எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை 1,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். என் பையிலிருந்து கட்டினேன். பெரியவர் கடைசிவரை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

இதில் எனக்கு எரிச்சல் விதி மேல் இல்லை. "இன்னைக்கு நமக்குக் கேஸ் இல்ல", "வாய்தாதானே" என்கிற நினைப்பின் மேல்தான். ஜூனியருக்குக் கேஸ் இல்லாத நாள் என்று ஒன்று கிடையாது. சீனியர் எந்த ஹாலில் மாட்டிக்கொள்வார், உங்களை எங்கே நிற்கச் சொல்வார் என்று காலையில் யாருக்கும் தெரியாது. பேண்ட் ஒன்றும் பெரிய விலை இல்லை. மூன்று வாங்குங்கள். ஒன்று கழுத்தில், ஒன்று பையில் ஏதாவது சட்டப் புத்தகத்தின் நடுவே, ஒன்று வண்டியின் சீட்டுக்கு அடியில். புத்தகத்தின் நடுவே வைத்தால் மடிப்புக் கலையாது.

கவுன்

கோட்டுக்கு மேலே போடும் கருப்பு அங்கி. உச்ச நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றங்களிலும் கட்டாயம். மற்ற இடங்களில் அவரவர் விருப்பம். மாவட்டத்திலேயே பழகியவர்கள் முதல் தடவை சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போகும்போது இதை வீட்டில் விட்டுவிட்டுப் போய் வாசலில் முழிப்பார்கள்.

தலைகீழான தவறும் உண்டு. தீர்ப்பாயம் என்றால் கவுன் வேண்டும் என்று பயப்படுவது. தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் அப்படி ஒரு உத்தரவே போட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் அது செல்லாது என்றது. உடை விதியை வகுப்பது தீர்ப்பாயத்தின் வேலை இல்லை.

இன்னொன்று: அவசரத்துக்கு சீனியரின் கவுனை மாட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் மூத்த வழக்கறிஞர் என்று முறைப்படி நியமனம் பெற்றவராக இருந்தால் அவருடைய கவுனின் வெட்டே வேறு. நீதிபதிக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

வெயில்

கோடையில் உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் கீழே உள்ள கோர்ட்டுகளில் கருப்பு கோட் கட்டாயம் இல்லை என்று விதியே சொல்கிறது. கோட்டுக்குத்தான் விலக்கு. பலர் கோட்டோடு பேண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் வெள்ளைச் சட்டையில் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்கிறார்கள். உயர் நீதிமன்றங்களிலும் கோட்டிலிருந்து விலக்கு வேண்டும் என்று போட்ட மனுவை 2022-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பார் கவுன்சிலிடம் போய்க் கேளுங்கள் என்றது. இந்த ஊர் வெயிலில் கம்பளிக் கோட் முட்டாள்தனம் என்பது என் அபிப்பிராயம். அதற்காகப் போடாமல் போய் கட்சிக்காரரின் கேஸில் பரிசோதனை செய்ய மாட்டேன். மெல்லிய துணியில் தைத்துக்கொள்ளுங்கள்.

புடவைதான் கட்ட வேண்டுமா?

இல்லை. சுடிதாருக்கும் சல்வாருக்கும் விதியில் இடம் இருக்கிறது, துப்பட்டா போட்டும் போடாமலும். "லேடி வக்கீல்னா புடவைதாம்மா" என்று எந்த சீனியராவது சொன்னால் தலையாட்டிவிட்டு விதிப் புத்தகத்தைப் பாருங்கள். புடவை கட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது நிறம்: வெள்ளை, கருப்பு, இல்லாவிட்டால் கண்ணை உறுத்தாத மென்னிறம். பூ, கட்டம், டிசைன் கூடாது.

டீக்கடை

பேண்டும் கவுனும் கோர்ட்டுக்கு உள்ளே. வெளியே கழற்றுங்கள். விதியும் அதுதான், பஜ்ஜி எண்ணெயும் அதைத்தான் சொல்கிறது.

காணொளி விசாரணை

கொரோனா காலத்தில், 2020 மே மாதம், காணொளி விசாரணைக்கு வெள்ளைச் சட்டை அல்லது வெள்ளைப் புடவை, சல்வாரோடு பேண்ட் போதும் என்று உச்ச நீதிமன்றம் தளர்த்தியது. அப்போதும் பேண்டை விடவில்லை, கவனியுங்கள். அதற்கு முந்தைய மாதம் ராஜஸ்தான் உயர் நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் பனியனோடு திரையில் வந்து, ஜாமீன் மனு தள்ளிப்போனது. உள்ளே இருந்தவருக்கு அந்தப் பனியனால் கூடுதலாகச் சில நாள். ஜூன் மாதம் இன்னொருவர் டி-ஷர்ட்டில் கட்டிலில் படுத்தபடி உச்ச நீதிமன்றத்தில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்.

இப்போதும் வீட்டிலிருந்து ஆஜராகும்போது மேலே கோட், கீழே லுங்கி என்று உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். நீதிபதி வந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்துவிடுவோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் சொந்த வழக்கு என்றால்

கோட்டும் பேண்டும் வேண்டாம். அன்று நீங்கள் கட்சிக்காரர். சாட்சிக் கூண்டு ஏறினாலும் அப்படித்தான்.