டாக்கரில் கப்பல் நிற்கும் நாள்: கோரேத் தீவில் அலைச்சலில்லாத ஒரு பகல்

மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் செல்லும் உல்லாசக் கப்பல்களில் பல, செனகலின் தலைநகரான டாக்கரில் ஒரு பகல் முழுவதும் நிற்கின்றன. அன்றைக்கென விற்கப்படும் பேருந்துச் சுற்றுலாக்களில் இளஞ்சிவப்பு ஏரி, உயரமான ஆப்பிரிக்க மறுமலர்ச்சிச் சிலை, சந்தைகள் என எல்லாவற்றையும் ஒரே நாளில் திணித்துவிடுவதால், டாக்கரின் நெரிசலில் பாதி நாள் இருக்கையிலேயே கழிந்துவிடும். ஓய்வை விரும்புகிறவர் இவை அனைத்தையும் விட்டுவிட்டு, துறைமுகத்திலிருந்து படகில் இருபது நிமிடத் தொலைவிலுள்ள கோரேத் தீவுக்கு மட்டும் போய்வருவதே நல்லது என்பது என் கருத்து. ஏறத்தாழ 70 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் மோட்டார் வாகனங்களே கிடையாது. நடந்தே முழுவதையும் பார்த்துவிடலாம்.

ஏற்பாடுகளில் முதன்மையானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள்களுக்கு முன்பே அதைப் போட்டுக்கொண்டு, சான்றிதழைக் கடவுச்சீட்டுடன் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். செனகலில் கேட்காமல் விட்டாலும், அங்கிருந்து நேராக இந்தியா திரும்புகிறவரிடம் விமான நிலையத்தில் கேட்பார்கள்; சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தப்பட நேரலாம். மலேரியா மாத்திரை தேவையா என்பதையும் அப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடலாம். பல கப்பல்களில் பயணிகளின் கடவுச்சீட்டை அலுவலகத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆனால் கோரே படகில் ஏற அடையாள ஆவணம் காட்ட வேண்டியிருப்பதால், கடவுச்சீட்டையோ, அது கிடைக்காவிட்டால் அதன் நகலையோ முந்தின நாள் மாலையே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. செலவுக்குச் செனகலின் நாணயமான செஃபா பிராங்க் சில்லறையாக வேண்டும். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்பது நிலையான மதிப்பு என்பதால், மாற்றித் தருகிறவர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பதை மனக்கணக்கிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

தீவுக்கான படகுத்துறையும் துறைமுக வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. வாடகை வண்டி எடுப்பதானால், மீட்டர் வழக்கம் இல்லாததால், ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். வெளிநாட்டினருக்குப் படகுக் கட்டணம் உள்ளூர்க்காரர்களைவிட அதிகம். இதற்காக வாதாடிப் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்கர்வாசிகளே குடும்பத்தோடு குளிக்கப் புறப்பட்டுவிடுவார்கள் என்பதால், அன்று இயன்றவரை காலைப் படகைப் பிடிக்க வேண்டும்.

படகில் பக்கத்தில் வந்து அமரும் பெண், பெயரையும் ஊரையும் சிரித்தபடி விசாரித்துவிட்டு, தீவில் தமக்கு மணிமாலைக் கடை இருப்பதாகச் சொல்வார். ‘பிறகு பார்க்கலாம்’ என்று மரியாதைக்குச் சொல்லி வைத்தாலும் அதை அவர் வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்வார்; மதியம் ஏதோ ஒரு சந்து முனையில் பெயர் சொல்லிக் கூப்பிடவும் செய்வார். வாங்கும் எண்ணம் இல்லையென்றால், சலாம் சொல்லி நலம் விசாரித்த கையோடு அதையும் தெளிவாகச் சொல்லிவிடலாம். நலம் விசாரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத்தான் அங்கே குறையாக நினைப்பார்கள்.

தீவில் இறங்கியதும் முதலில், அடிமை வணிகக் காலத்தின் நினைவிடமாக விளங்கும் அடிமைகள் இல்லத்துக்குப் போய்விட வேண்டும். திங்கட்கிழமை அதற்கு விடுமுறை. மற்ற நாள்களிலும் நண்பகலில் மூடிவைக்கும் வழக்கம் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட அந்தச் சிவந்த வீட்டின் முற்றத்தில், இரு பக்கமும் வளைந்தேறும் படிக்கட்டு வணிகரின் மாடிக் கூடத்துக்கு இட்டுச் செல்கிறது. அதன் அடியிலேயே காற்றுப் புகாத சிறிய அறைகள் இருக்கின்றன. இந்த ஒரு வீட்டின் வழியாக எத்தனை பேர் அடிமைகளாகக் கடல் கடந்து கொண்டுசெல்லப்பட்டனர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. வழிகாட்டிகள் சொல்லும் பெரிய எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும், கடலைப் பார்த்துத் திறக்கும் பின்வாசலுக்கு முன் படம் பிடித்துக்கொள்வதற்காகச் சிரித்து நிற்பது பொருந்தாது. 1978இல் யுனெஸ்கோ இத்தீவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்ததற்கு இந்த வரலாறே காரணம்.

அதன்பின் திட்டம் எதுவும் தேவையில்லை. காவி நிறச் சுவர்களின் மீது காகிதப்பூக் கொடிகள் படர்ந்த சந்துகள் வழியாகத் தெற்குக் குன்றின் மீது ஏறினால், பெருக்க (பாவோபாப்) மரங்களையும், பழைய கடற்படைப் பீரங்கிகளையும், எதிரே டாக்கர் நகரையும் காணலாம். வழியில் மணலோவியம் செய்கிறவர்களிடம் சற்று நிற்பது தகும். பலகையில் பசையால் உருவம் வரைந்து, வெவ்வேறு நிற மணலை அதன்மேல் தூவிவிட்டு, பலகையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டுவார்கள். ஒட்டாத மணல் உதிர்ந்ததும் ஓவியம் தெரியும். மணல்கள் அனைத்தும் இயற்கை நிறத்தவை என்பார்கள். செய்முறையைக் காட்டியபின், பார்த்தவர் ஒன்றாவது வாங்குவார் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்கு இயல்பு.

மதிய உணவுக்குப் படகுத்துறையருகே மர நிழலில் உள்ள கடைகளே போதும். செனகலின் பெருமையான செபு ஜென், 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற உணவு. மீனும் மரவள்ளிக்கிழங்கும் கத்தரிக்காயும் முட்டைக்கோசும் வெந்த தக்காளிச் சாற்றிலேயே நொய்யரிசியை வேகவைத்துச் செய்வார்கள். காரம் பெரும்பாலும் தனியாகத்தான் வரும். மீன் வேண்டாதவர் வெங்காயமும் எலுமிச்சையும் தாராளமாகச் சேர்ந்த கோழி யாஸ்ஸாவைக் கேட்கலாம். சைவ உணவினருக்குத் தேர்வு குறைவு. காய்கறிகள் மட்டும் போட்ட தட்டைக் கேட்டாலும், அவை மீன் சாற்றில் வெந்தவையாக இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. புளிச்சக்கீரை இனத்துச் சிவப்புப் பூவிலிருந்து செய்யும் பிஸ்ஸாப் பானம் வெயிலுக்கு இதமானது. ஆனால் அதன் தண்ணீரும் பனிக்கட்டியும் எப்படிப்பட்டவை என்று தெரியாத இடத்தில், மூடி உடைக்காத குடிநீர்ப் புட்டியே பாதுகாப்பு.

உண்ட பிறகு படகுத்துறையை ஒட்டிய சிறு கடற்கரையில் நிழல் பார்த்து இரண்டு மணி நேரம் படுத்திருக்கலாம். நீந்தத் தெரிந்தவர் கரையோரம் நீந்தலாம். திரும்பும் படகின் நேரத்தை இறங்கும்போதே குறித்துவைத்து, கடைசியாகப் பிடிக்க வேண்டிய படகுக்கு ஒன்று முந்தியதிலேயே ஏறிவிட வேண்டும். செனகலின் நேரம் கிரீன்விச் நேரமேயாயினும், சில கப்பல்கள் தம் நேரத்தை மாற்றாமலே வைத்திருக்கும் என்பதால், எந்த நேரப்படி ஏறச் சொல்கிறார்கள் என்று இறங்கும் வாயிலிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். தனியாகச் சென்றவருக்காகக் காத்திருக்காது.