பால்மரப் பலகையை ஒட்டும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழேதான் என் பட்டறை. நான் அதிகம் ஒட்டுவது பால்மரம், அதாவது ரப்பர் மரம். அப்பா தோட்டத்தில் சீவிய மரம். 25, 30 வருடத்தில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்ப்பார்கள். அந்தக் காலத்தில் அது வெறும் விறகு. இப்போது மேசையும் நாற்காலியும் ஆகிறது. ஆனால் அகலப் பலகை கிடைப்பது அரிது. மூன்று, நான்கு அங்குலத் துண்டுகளைச் சேர்த்தால்தான் ஒரு சாமி மேடைக்கு அகலம் வரும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் டோவல் (இரு பலகைக்குள்ளும் செருகும் உருண்டை மரக்குச்சி) துளைக்கும் கருவியைத்தான் விசாரிப்பார்கள். நானும் அப்படித்தான். முதல் மேசைக்கு 8 மில்லிமீட்டர் டோவல் 24 போட்டேன், பசை காயும்வரை பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இரண்டே இரண்டு. தீபாவளிக்குச் செய்தது, தைப்பூசத்துக்குள் ஓரத்தில் வாய் திறந்துவிட்டது. டோவல் மேல் குற்றமில்லை, பலகை விளிம்பு நேராக இல்லை.

நார் ஓடும் திசையில் விளிம்போடு விளிம்பு ஒட்டினால், நல்ல பசை மரத்தையே விட உறுதி. டோவலும் பிஸ்கட்டும் (காடிக்குள் செருகும் தட்டை மரச் சில்லு) பலகைகள் மேலும் கீழும் வழுக்காமல் பிடிக்கத்தான். பலகை நீளமாகவோ வளைந்தோ இருந்தால் போடுங்கள், மற்றபடி வெறும் விளிம்பே போதும். ஒரு விளிம்பில் நாக்கும் மற்றதில் அது நுழையும் காடியும் வெட்டினால் பசை பிடிக்கும் பரப்பு கூடும், ஆனால் மேசைப் பலகைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. நாரைக் குறுக்கே அறுத்த வெட்டு முனையில் ஒட்டுவது வேறு கதை. அது பசையை உறிஞ்சிவிடும், அங்கே பசையை மட்டும் நம்ப முடியாது.

ஆகவே காசை இழைப்புளியில் போடுங்கள். 14 அங்குல ஐந்தாம் நம்பர் இழைப்புளி இருந்தால் இரண்டு, மூன்றடிப் பலகைக்குப் போதும். அதற்கு மேல் நீளமென்றால் 22 அங்குல ஏழாம் நம்பர் சுகம். சேர வேண்டிய இரண்டு பலகைகளையும் புத்தகம் மூடுவதுபோல் மடித்து, வைஸில் (மேசைப் பிடிப்பானில்) ஒன்றாகக் கவ்வி, இரு விளிம்பையும் ஒரே வீச்சில் இழையுங்கள். கை கொஞ்சம் சாய்ந்தாலும் பரவாயில்லை. ஒன்று இந்தப் பக்கம் சாய்ந்தால் மற்றது அந்தப் பக்கம் சாயும், விரித்து வைத்தால் தட்டையாகச் சேரும்.

அப்புறம் ஒன்றை ஒன்றின்மேல் நிறுத்திக் கையால் திருப்பிப் பாருங்கள். நடுவில் பம்பரம்போல் சுழன்றால் நடு புடைத்திருக்கிறது, மறுபடி இழைக்க வேண்டும். இரு முனையிலும் உரசினால் சரி. நடுவில் தாள் கனத்துக்கு இடைவெளி இருப்பது நல்லதே, இறுக்கும்போது மூடிக்கொள்ளும்.

கிளாம்ப் ஓர் அடிக்கு ஒன்றாவது வேண்டும், மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி. எல்லாம் ஒரே பக்கம் போட்டால் பலகை படகாக வளையும். விலை கட்டாது என்றால் கிளாம்ப் தலைகளை மட்டும் வாங்கி, முக்கால் அங்குல இரும்புக் குழாயில் மாட்டுங்கள்; குழாய்க் கடையில் ஒரு முனைக்கு மரை போட்டுத் தருவார்கள். அதுவும் வேண்டாமென்றால் தடித்த பலகையில் இரண்டு கட்டை அறைந்து, இடையில் ஆப்பு அடித்து இறுக்கலாம். ஈரப் பசையோடு இரும்பு பட்டால் மரத்தில் கருப்புக் கறை விழும், நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

பசையில்லாமல் ஒருமுறை இறுக்கிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள். தகரக் கூரை மதியம் அடுப்பு மாதிரி. மஞ்சள் பசை (தச்சர்களின் மரப்பசை) பத்து நிமிடம்கூடத் தாங்காமல் இறுகத் தொடங்கிவிடும், அதனால் நான் காலை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன். வழியும் பசையை ஈரத்துணியால் துடைத்து மரத்துக்குள் தேய்க்காதீர்கள். ரப்பர் பதத்துக்கு வரட்டும், உளியால் சீவினால் சுருளாக வரும்.

ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம். இழைப்பது மட்டும் மறுநாள். பசையின் ஈரத்தால் இணைப்போரம் உப்பியிருக்கும். அப்போதே சமமாக இழைத்தால், காய்ந்தபின் அங்கே பள்ளக் கோடு விழும். எங்கள் வீட்டு இஸ்திரி மேசையில் அப்படி மூன்று கோடு இன்னும் இருக்கிறது.