சலங்கை கழற்றிய மறுவாரமே வகுப்பு திறக்காதீர்கள்

போன மாதம் இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து வேலியில் ஒரு பேனர் பார்த்தேன். முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டிருக்கிறாள். "பரதநாட்டிய வகுப்பு, 4 வயது முதல், இடங்கள் குறைவு." அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்புதான் அவளுடைய அரங்கேற்றத்தை இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாயசமும் குடித்துவிட்டு வந்தேன்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முப்பது வருடத்துக்கு முன்னால் அதே வேலியில் அட்டையில் கையால் எழுதிக் கட்டிய ஆள் நான்.

நேரத்துக்கு வாருங்கள், ஊக்கு எடுத்து வையுங்கள், பாட்டை இரண்டு பென்டிரைவில் வையுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. ஒரு தடவை மேடையில் உடையின் விசிறி மடிப்பு அவிழ்ந்தால் அதெல்லாம் தானாக வந்துவிடும். நடனத்தைத் தொழிலாக்கப் போகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அரங்கேற்றக் கடனை அடைக்க வகுப்பு திறப்பது

எங்கள் தாத்தா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். மலேசிய இந்தியர் தலைவரான துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிப் பங்கு வாங்கிய தலைமுறை. அந்தப் பத்திரத்தைத் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் 1994-இல் ஒரே ராத்திரிக்கு 14,000 வெள்ளி செலவழித்தோம். ஈப்போவில் மண்டபம், வெளியூரிலிருந்து பக்கவாத்தியம், பொன்னெழுத்தில் அழைப்பிதழ், 400 பேருக்குச் சாப்பாடு. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்தது போக, மிச்சக் கடன் 9,000. மாதம் 375, இரண்டு வருடம்.

கடனை யார் அடைப்பது? நான்தான். எப்படி? டீச்சராகி.

பாலாய் ராயா என்ற ஊர்ப் பொது மண்டபத்தில் வகுப்பு. 23 பிள்ளைகள், தலைக்கு 25 வெள்ளி. கணக்கு அழகாக உட்கார்ந்தது: 575 வரவு, கடனுக்கு 375, மண்டபத்துக்கு 80, கையில் 120. ஆனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு சனிக்கிழமைதான் தோது. என் குருவின் வகுப்பும் ஈப்போவில் சனிக்கிழமைதான். "இரண்டு மாதம் மட்டும் வரமாட்டேன் டீச்சர்" என்று சொன்னேன். திரும்பிப் போக எட்டு வருடமானது.

இந்த எட்டு வருடத்தைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அரங்கேற்றம் என்றால் அரங்கில் ஏறுவது. நம் ஊரில் அதைப் பட்டமளிப்பு விழா ஆக்கிவிட்டார்கள். ஏழெட்டு உருப்படி ஆடத் தெரிந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு மாலை போட்டு, மறுநாளே "நீ எப்பம்மா வகுப்பு ஆரம்பிக்கப் போறே?" என்று அத்தைமார்கள் கேட்பார்கள். அவளுக்கு ஆடத் தெரியும். இன்னொருத்தர் உடம்பைப் பார்க்கத் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. பதினொரு வயதில் ஒரு பிள்ளை இருந்தாள், நல்ல தாளக்கட்டு. ஆனால் அரைமண்டியில் முழங்கால் உள்ளே சாயும். "பாதத்தைத் திற, இன்னும் உட்காரு" என்று ஒரு வருடம் கத்தினேன். அவளும் சொன்னபடி பாதத்தை மட்டும் திருப்பினாள். ஒரு நாள் அவள் அம்மா வந்து, "டீச்சர், பிள்ளை படி இறங்க கைப்பிடியைப் பிடிக்கிறாள்" என்றார். கால் திறப்பு இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவுதான் பாதமும் திறக்கலாம், முழங்கால் பாதவிரல் போகும் பக்கமே போக வேண்டும். இடுப்பு திறக்காமல் பாதத்தை மட்டும் முறுக்கினால், நடுவில் மாட்டிக்கொள்வது முழங்கால். எனக்கு இடுப்பு இயல்பாகவே திறக்கும், அதனால் இதை யோசிக்கவே இல்லை. என் குரு ஒவ்வொரு பிள்ளையின் தொடையிலும் தட்டுக்கழியால் (தாளம் தட்டும் குச்சி) லேசாகத் தட்டி ஒவ்வொருத்தியையும் வெவ்வேறு ஆழத்தில் உட்கார வைப்பார். அதைத் திட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்தப் பிள்ளை அந்த ஆண்டோடு நின்றுவிட்டாள்.

அப்புறம் கேசட். எனக்கு நட்டுவாங்கம், அதாவது தாளம் தட்டி, தாளச் சொற்களான சொல்லுக்கட்டை வாயால் சொல்லி ஆட்டத்தை நடத்துவது, வராது. அதனால் எல்லாம் கேசட்தான். கேசட் எந்தப் பிள்ளைக்காகவும் மெதுவாகப் போகாது. ஒரு பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஜதிஸ்வரம் பாதியில் கரண்டு போனது. பிள்ளைகள் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்கள். தாளம் பிடிக்கத் தெரிந்தவள் கையைத் தட்டிச் சொல்லுக்கட்டைப் பிடித்திருப்பாள், ஆட்டம் நின்றிருக்காது. நான் திரைக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். தலைமையாசிரியர் சமாளிக்க ஒரு திருக்குறள் சொன்னார். சம்பந்தமே இல்லாத குறள்.

சரி, என்ன செய்யலாம்? அரங்கேற்றத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ப் பக்கவாத்தியம் போதும். மிச்சமாகும் பணத்தில் இரண்டு வருடம் குருவுக்குக் கீழேயே உதவியாளராக இருங்கள். சின்னப் பிள்ளைகளின் முதல் அடவான தட்டடவுக்குத் தட்டுக்கழி பிடியுங்கள், மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். நட்டுவாங்கம் கற்றுக்கொள்ளுங்கள். தாள எண்ணிக்கையில் திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்று ஒப்பிப்பது யாருக்கும் வரும். வாய் மிஸ்ரத்தில் சொல்ல, கை தாளத்தைப் பிடிக்க, கண் கடைசி வரிசைப் பிள்ளையின் முழங்காலில் இருக்க வேண்டும். இது வந்த பிறகு பேனர் அடியுங்கள்.

சும்மா ஆடிக் கொடுப்பது

கோயிலுக்குக் காசு வாங்காமல் ஆடலாம். தவுக்கேயின் (முதலாளியின்) கடைத் திறப்புக்குக் கூடாது.

சிமெண்டுத் தரை

பழைய தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளின் பலகைத் தரைக்கு ஒரு துள்ளல் இருந்தது. இப்போது எந்த மண்டபத்துக்குப் போனாலும் சிமெண்டு, அதன் மேல் டைல்ஸ். தட்டுகிற ஒவ்வொரு தட்டும் கெண்டைக்கால் எலும்புக்கே திரும்பி வரும். தடிமனான மெத்தைப் பாய் விரிப்பது அதைவிட மோசம். பாதம் புதைந்து கணுக்கால் பிசகும். மரச்சட்டம் அடித்து அதன் மேல் பிளைவுட் போடுங்கள், தரைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று இருக்கட்டும். கால் எலும்பில் ஒரே இடத்தில், விரலால் அழுத்தினால் சுருக்கென்று வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆடாதீர்கள். அது எலும்பில் கீறலாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாது. ஓய்வு கொடுத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

இரண்டே கதவைத் தட்டுவது

மலேசிய நடனக் கலைஞர் ராம்லி இப்ராஹிம் இயந்திரப் பொறியியல் படித்தவர். பாலே ஆடினார், அடையாறு லட்சுமணனிடம் பரதம் கற்றார், தேபபிரசாத் தாஸிடம் ஒடிசி கற்றார், 1983-இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். நாம் எல்லோரும் அவர் ஆக முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் நம் ஊர்ப் பெண்களுக்கு நடனத் தொழில் என்றால் இரண்டே கதவுதான்: ஆடு, இல்லையென்றால் வகுப்பு எடு. என் வருமானத்தில் இன்று பாதிக்கு மேல் மற்றவர்களின் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம் செய்வதில் வருகிறது. முழங்கால் கேட்காத வேலை. என்னிடம் படித்த ஒருத்தி மேடை விளக்கு போடுகிறாள், அவளுக்கு என்னைவிட டைரி நிறைந்திருக்கிறது. இன்னொருத்தி கோலாலம்பூரில் தேசியக் கலைக் கல்விக்கழகமான அஸ்வாராவில் சேர்ந்தாள். அங்கே மலாய் நடனமும் சீன நடனமும் நம்முடையதும் ஒரே கூரைக்குக் கீழ். சுதந்திர மாதத்தில் ஜோகெட் என்ற மலாய் நடனம் சொல்லித் தர ஆள் தேடும்போது, பள்ளிகள் அவளைத்தான் கூப்பிடுகின்றன. "பரதம் படிச்சவ ஜோகெட் ஆடறதா?" என்று முகம் சுளித்த அத்தை ஒருவர் இன்னும் இருக்கிறார். இருக்கட்டும்.

குருவோடு மனத்தாங்கலை முகநூலில் எழுதுவது

வேண்டாம்.

காகிதத்துக்குப் பயப்படுவது

பள்ளிக்கூடம் செபுட் ஹார்கா (விலைப்புள்ளி) கேட்டால் விழிக்காதீர்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு என்று ஒரு பக்கம், அவ்வளவுதான். பதிவெண் கேட்பார்கள். நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் தொழில் பதிய வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. முதலாளி இல்லாத நமக்கு ஊழியர் சேமநிதியில் நாமாகக் கட்டும் ஐ-சரான் திட்டம் இருக்கிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் சுயதொழில் செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இருக்கிறது, கலைஞர்களும் அதில் சேரலாம். ஒத்திகையில் கால் உடைந்த பிறகு இதை விசாரித்துப் பயனில்லை.

பேனர் பெண்ணை அன்று சாயங்காலமே வீட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். தட்டுக்கழியைக் கையில் கொடுத்து, "மிஸ்ரத்தில் ஒரு தட்டடவு சொல்லும்மா, நான் ஆடறேன்" என்றேன். மூன்றாவது சுற்றில் தடுமாறினாள். "கடன் எவ்வளவு?" என்று கேட்டேன். அவள் சொன்ன தொகையை இங்கே எழுத மனமில்லை. சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். பேனர் இன்னும் வேலியில்தான் தொங்குகிறது.