போர்க்கால வீட்டு வாழ்வைச் சொல்லும் வெள்ளி நாணயங்கள்: கொழும்பில் சேர்ப்பவர்களுக்கு

இரண்டாம் உலகப் போரின் லண்டன் குண்டுவீச்சு, ஊர்விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கூப்பன் சாப்பாடு என்று வரும் நினைவு நாணயங்களில் பல வெறும் வெள்ளி முலாம். சான்றிதழில் 925 அல்லது 999 (ஆயிரத்தில் எத்தனை பங்கு வெள்ளி என்ற எண்) இல்லையென்றால் வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

பிரித்தானிய 'கிரவுன்' அளவு 925 வெள்ளி நாணயம் 28.28 கிராம், 38.61 மில்லிமீற்றர். இதிலும் சந்தேகம் தீராவிட்டால், 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் முழுதாக அமிழ்த்துங்கள். 2.73 கிராம் அளவில் நின்றால் வெள்ளி, 3.2ஐ நெருங்கினால் உள்ளே செம்பு-நிக்கல். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழி எண்ணைக் கூட்டிவிடும், நல்ல வெள்ளியும் போலியாகத் தெரியும். நூலை மெல்ல ஆட்டி அதை விடுவியுங்கள். கண்ணாடிபோல் மின்னும் புரூஃப் நாணயத்துக்கு இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம், நீர்க்கறை நிற்கும்.

கொழும்பு ஈரக்காற்றில் பிவிசி உறை பச்சைப் பிசுக்கு விடும். றப்பர் பாண்டின் கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அளவான அக்ரிலிக் கூடும் சிலிக்கா ஜெல்லும் போதும். பொலிஷ் மட்டும் போடாதீர்கள், விலை அதோடு விழுந்துவிடும்.

கூடவே 1942 இலங்கை 50 சத வெள்ளிக் காசையும் 1943இன் நிக்கல்-பித்தளைக் காசையும் தேடி வையுங்கள். நினைவு நாணயம் அல்ல. போர்க்காலத்தில் இங்குள்ள சனம் கையில் புழங்கியதே அதுதான்.